10 இஞ்சி முழு ரியூப்பா, 12 இஞ்சி ட்ரஸ்ஸா? எங்கள் வாசிகசாலைத் தொலைநோக்கியின் இரண்டு வருடக் கணக்கு

2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, இந்தக் கதை அந்தக் கிழமையில்தான் தொடங்கியது. உள்ளே படுக்க வெக்கை, போனில் சார்ஜ் இல்லை, சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு இருட்டைச் சண்டைக் காலத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்த 8 இஞ்சித் தொலைநோக்கியை வாசிகசாலை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். முதல் நாள் நாலு பேர். மூன்றாம் நாள் வரிசை கேற்றுக்கு வெளியே நின்றது. அமாவாசையை ஒட்டிய இரவுகள் என்பதால் பதினொரு மணி கழிய, ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே பனை வட்டுகளுக்கு மேலே ஏறி வந்தது. "ஆரோ சீனியைக் கொட்டிவிட்ட மாதிரிக் கிடக்கு" என்று ஒரு அம்மம்மா சொல்லிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பவும் நின்றா.

இந்தக் கூத்தை வீடியோவில் பார்த்தவன் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான். அவன் இருக்கும் இடத்தில் அந்தக் கொத்து தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. நாங்கள் 9.7 பாகை வடக்கில் இருப்பதால் இங்கே அது 33 பாகை உயரம் வரை ஏறும். "உந்தச் சின்னனை வைச்சுக்கொண்டு என்னடாப்பா செய்யிறாய், பெரிசா ஒண்டு எடுப்பம், காசு நாங்கள் சேர்க்கிறம்" என்றான். சேர்த்தும் விட்டான். பிறகு வந்த பிரச்சினைதான் இந்தக் கட்டுரை.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் காக்க வைக்க விருப்பமில்லை. நாங்கள் வாங்கியது 12 இஞ்சி ட்ரஸ். அதே காசு இன்றைக்கு என் கையில் கிடந்தால் 10 இஞ்சி முழு ரியூப்தான் வாங்குவேன். ட்ரஸ் நல்ல சாமான்தான். ஆனால் அது தீர்த்து வைக்கிற பிரச்சினை ஒன்று, எங்களுக்கு இருந்த பிரச்சினை வேறொன்று. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது.

தெரியாதவர்களுக்காக: இரண்டுமே டொப்சோனியன் வகை, அதாவது அடியில் பெரிய குழியாடி, மேலே சாய்வான சின்ன ஆடி, எல்லாவற்றையும் தாங்க ஒரு மரப்பெட்டி. முழு ரியூப் என்றால் இரண்டு ஆடிக்கும் இடையில் ஒரே தகரக் குழாய். ட்ரஸ் என்றால் குழாய்க்குப் பதிலாக ஆறோ எட்டோ அலுமினியக் கம்பிகள், கழற்றினால் கீழ்ப்பெட்டி, மேல்வளையம், கம்பிக்கட்டு என்று பிரிந்துவிடும். மூன்றாவதாக, கம்பிகள் உள்ளே வழுக்கி இறங்கிக் குழாய் சுருங்குகிற வகையும் கடையில் உண்டு. அதை நாங்கள் முதல் நாளே ஒதுக்கினோம், சுருங்குவது நீளம் மட்டும்தான், எடையில் ஒன்றும் குறையாது.

டொப்சோனியன் என்ற பெயருக்குக் காரணமான ஜோன் டொப்சன் 1915 இல் பீஜிங்கில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வேதாந்த மடத்தில் 1944 இலிருந்து 1967 வரை துறவியாக இருந்தவர். தூண் வார்க்கிற கொங்கிரீட்டுக்கு அச்சாகப் பாவிக்கும் காட்போட் குழாயை எடுத்து, கப்பல் ஜன்னல் கண்ணாடியில் ஆடி தேய்த்து, தெருவோரத்தில் வைத்து வழியில் போகிறவர்களுக்குச் சந்திரனைக் காட்டியவர். அவருடையது முழு ரியூப். ட்ரஸ்ஸின் ஊர்வழி வேறு. பலோமர் மலையின் 200 இஞ்சித் தொலைநோக்கிக்காக 1930 களில் மார்க் செரூரியே என்ற பொறியியலாளர் போட்ட கம்பிச் சட்டகத்தில் இருந்து வந்தது அது. மேலே உள்ள ஆடியும் கீழே உள்ள ஆடியும் ஒரே அளவு தொய்ந்து, ஒன்றுக்கொன்று நேராகவே நிற்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டகத்தின் சூத்திரம். கடையில் விற்கிற டொப்சோனியன் ட்ரஸ்களில் கீழ்ப்பாதி வெறும் பெட்டி, அதனால் அந்தச் சூத்திரம் பாதிதான் இருக்கிறது. பெயர் பெரிது என்பதற்காக மயங்க வேண்டாம் என்பதற்குச் சொல்கிறேன், நாங்கள் கொஞ்சம் மயங்கினோம்.

ஏன் ட்ரஸ் வாங்கினோம்

மூன்று காரணம், மூன்றும் அன்றைக்குச் சரியாகத்தான் பட்டன.

ஒன்று வெளிச்சம். 10 இஞ்சிக்கும் 12 இஞ்சிக்கும் இரண்டு இஞ்சிதானே வித்தியாசம் என்று தோன்றும், பரப்பளவில் பார்த்தால் 44 வீதம் கூட. சேர்ந்த காசு 10 இஞ்சி முழு ரியூப்புக்குத் தாராளம், 12 இஞ்சி ட்ரஸ்ஸுக்கு இழுத்துப் பிடித்தால் போதும். காசு போட்ட ஆட்களிடம் "சின்னனை எடுத்தம்" என்று யார் சொல்வது?

இரண்டு, கப்பல் பெட்டி. முழு ரியூப்பில் காசு கொடுத்து ஏற்றுவது பெரும்பாலும் காற்றைத்தான். 10 இஞ்சி ரியூப்பின் பெட்டி ஏறத்தாழ 140 சதமமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம். விமானத்தில் போட்டால் மூன்றையும் பெருக்கி 6000 ஆல் வகுத்து எடை போடுவார்கள், 37 கிலோ வரும், உள்ளே கிடக்கிற சாமானோ 20 கிலோ தேறாது. கப்பலிலும் கன அளவுக்குத்தான் காசு. ட்ரஸ் பிரிந்து, உடுப்பும் சொக்லேட்டும் வருகிற பெட்டிகளுக்குள் பங்கு போட்டுக்கொண்டு வந்து சேரும் என்று மச்சான் கணக்குச் சொன்னான். அப்படியே வந்தும் சேர்ந்தது, 2022 மார்கழியில், கம்பிக்கட்டைச் சுற்றி இரண்டு பெரிய துவாய்களோடு.

மூன்றாவது ஓட்டோ. இதைத்தான் நான் மிகவும் கவனமாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சந்தி ஸ்ராண்டுக்குப் போய்ப் பின்சீற்றை அளந்தேன். 10 இஞ்சி ரியூப் 1.2 மீற்றருக்குக் கொஞ்சம் கூட, குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "அண்ணை, சரிச்சு வைச்சு நீங்கள் பிடிச்சுக்கொண்டு இருங்கோ, நான் மெல்லமாப் போறன்" என்றான் ஓட்டோக்காரத் தம்பி. நீளமான கறுப்புக் குழாய் ஒன்றை இரவில் ஓட்டோவுக்கு வெளியே நீட்டியபடி எங்கள் ஊர் வீதியில் கொண்டுபோவதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ட்ரஸ் என்றால் எல்லாம் உள்ளே அடங்கும் என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

அளந்தது பிழையில்லை. ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஓட்டோவில் ஏற்றப் போகிறோம், எத்தனை நாள் பின்னறையில் இருந்து முற்றத்துக்கு மட்டும் தூக்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்க்காததுதான் பிழை. முதல் வருடத்தில் வெளியூர்ப் பயணம் மூன்று. முற்றத்துக்குக் கொண்டுவர நினைத்த இரவுகள் முப்பதுக்கு மேலே.

"நினைத்த" என்றுதான் எழுதுகிறேன்.

பூட்டுகிற கதை

முதல் நாள் ட்ரஸ்ஸைப் பூட்டி முடிக்க 55 நிமிடம். பழகிய பிறகு 20, அதுவும் இரண்டு பேர் இருந்தால். இதில் கம்பி பூட்டுவது பாதி நேரம்தான். மீதி, ஆடிகளை நேராக்குவதற்கு. முழு ரியூப்பில் இந்த வேலையைக் கிழமைக்கு ஒருக்கால் பார்த்தால் போதும், சில வேளை மாதத்துக்கு ஒருக்கால். ட்ரஸ்ஸில் கழற்றிப் பூட்டுகிற ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். 12 இஞ்சியின் குவியத்தூரம் 1500 மில்லிமீற்றர், ஆடியின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு, அதைத்தான் எப் 5 என்பார்கள். என்னுடைய பழைய 8 இஞ்சி எப் 6, அது கொஞ்சம் கோணினாலும் பொறுத்துக்கொள்ளும். எப் 5 பொறுக்காது, வியாழனைப் பார்த்தால் ஒரு பக்கம் வால் முளைத்த மாதிரித் தெரியும்.

லேசர் வைத்து நேராக்கினேன். நாலு நாள் நேராக்கியும் நட்சத்திரம் கூராக வரவில்லை. அரியாலையில் எனக்குத் தெரிந்த ஒரு சேர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், அவரிடம் 10 இஞ்சி முழு ரியூப் இருக்கிறது, இந்தக் கதையில் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோல் அவருடைய தொலைநோக்கிதான். வந்து பார்த்தவர், லேசரைப் போட்ட இடத்திலேயே மெல்லச் சுற்றினார். கீழே ஆடியில் விழுந்த சிவப்புப் புள்ளி நிற்காமல் வட்டம் போட்டது. "தம்பி, கோணல் தொலைநோக்கியில இல்லை, லேசரில" என்றார். கோணின அடிமட்டத்தால் நாலு நாள் கோடு கீறியிருக்கிறேன். பிறகு பழைய பிலிம் டப்பாவின் மூடியில் நடுவில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார், இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறேன்.

கம்பிகளை மாறிப் பூட்டினால் கோணல் கூடும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தது. எட்டுக் கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் துளைகள் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கின்றன. தங்கச்சியின் கியூட்டெக்ஸ் போத்தல்கள் நாலை எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அதன் மூலைக்கும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஆடியைத் திருப்ப வேண்டிய அளவு கால் சுற்றுக்குள் வந்துவிட்டது. ட்ரஸ் வைத்திருப்பவர்கள் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், செலவு ஒன்றுமில்லை, தங்கச்சியின் ஏச்சு மட்டும்தான்.

மணற்காட்டில் ஒரு சிவராத்திரி

2023 மாசி 18, சிவராத்திரி. நிலவில்லாத சனிக்கிழமை இரவு, எப்படியும் ஊரே முழித்திருக்கும், வீட்டிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வான் வண்டி ஒன்றைப் பிடித்து மணற்காட்டுக்குப் போனோம், எங்கள் 12 இஞ்சியும் சேரின் 10 இஞ்சியும். மணல் மேடுகளுக்கு இந்தப் பக்கம், காற்று மறைவான இடம் பார்த்து, தறப்பாள் விரித்து வைத்தோம். சேர் பெட்டியை இறக்கினார், ரியூப்பை இறக்கி அதில் வைத்தார், அவ்வளவுதான். நாங்கள் மூன்றாவது கம்பியைப் பூட்டும்போது அவர் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு முகிலைப் பார்த்துக்கொண்டு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது கம்பியில் ஒரு திருகு கை நழுவித் தறப்பாளைத் தாண்டி மணலில் விழுந்தது. மணற்காட்டு மணலில் விழுந்த திருகைச் சிவப்பு ரோச் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூன்று பேர் முழங்காலில் நின்று, விரலால் சல்லடை போட்டு, அரை மணித்தியாலம். கடைசியில் சேரின் செருப்புக்குக் கீழே இருந்தது. அடுத்த நாளே எல்லாத் திருகையும் தங்கூசியால் அதனதன் கம்பியோடு கட்டிவிட்டேன். இப்போது கை விட்டாலும் தொங்கும். திருகு மணலில் விழுந்ததற்குச் சந்தோசப்பட வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது, உள்பக்கம் விழுந்திருந்தால் நேரே பெரிய ஆடியில்.

சரி, பூட்டி முடித்துப் பத்து மணியில் இருந்து நல்ல காட்சி. உண்மையைச் சொல்ல வேண்டும், 12 இஞ்சியில் ஓரியன் நெபுலாவின் சிறகுகள் சேரின் 10 இஞ்சியை விடத் தெளிவு, அவரே ஒத்துக்கொண்டார். பதினொன்றரை மணிபோல படம் மங்கத் தொடங்கியது. முகில் என்று நினைத்தேன். வெறுங்கண்ணால் பார்த்தால் வானம் பளிங்கு. ரோச்சை மேல்வளையத்துக்கு அடித்துப் பார்த்தால், சின்ன ஆடி முழுக்கப் பனி பூத்திருந்தது, குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி.

மாரி முடிந்து தை, மாசியில் எங்கள் பக்கம் பனி கொட்டும், விடியப்புறம் தகரக் கூரையில் இருந்து சொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்து போகும், அந்தக் குளிரில் ஈரம் ஒட்டும். முழு ரியூப்பில் சின்ன ஆடி குழாய்க்குள்ளே ஒதுங்கி நிற்கிறது, அதனால் வானத்தின் ஒரு துண்டுதான் அதற்குத் தெரியும். குழாயே குடை. ட்ரஸ்ஸில் அது கம்பிகளின் உச்சியில், நாலா பக்கமும் திறந்த வளையத்துக்குள், மழைக்கு நனைகிற கோழி மாதிரி. சேரின் ஐபீஸும் (கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லை) பைண்டரும் (குறி பார்க்கிற சின்னக் குழாய்) பனியில் நனைந்தன, துடைத்தார், சின்ன ஆடிக்கு இரண்டு மணி கழியும் வரைக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் பன்னிரண்டு மணிக்குக் கழற்றத் தொடங்கினோம். கழற்ற 20 நிமிடம், ஈரக் கம்பிகள், ஈரக் கை. மிச்ச இரவு சேரின் தொலைநோக்கிக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.

இதற்கு இரண்டு மருந்து செய்தேன். ஒன்று, கம்பிகளைச் சுற்றிப் போடுகிற உறை. சந்தியில் தையல்காரர் கறுப்புக் குடைச்சீலையில் தைத்துத் தந்தார். பக்கத்து வீதி விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுவதையும், பார்க்கிற ஆட்களின் உடம்புச் சூடு ஒளிப்பாதைக்குள் ஏறுவதையும் அது நிறுத்தியது, பனியைப் பாதிதான் நிறுத்தியது. இரண்டாவது, சின்ன ஆடிக்குப் பின்னால் மெல்லிய சூடு. 430 ஓம் ரெசிஸ்டர் ஆறு, அரை வாட் வகை, எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 72 ஓம் வரும், 12 வோல்ட் பற்றரியில் 2 வாட். தொட்டால் கையில் சூடு தெரியாது, ஆனால் ஆடி காற்றை விட ஒரு பாகை கூடவே நிற்கும், பனி பிடிக்காது. வேலை செய்கிறது. ஆனால் பாருங்கள், உறையையும் போட்டு, வயரையும் இழுத்து, பற்றரியையும் சுமந்தால், நாங்கள் செய்து முடித்தது என்ன? ஒரு முழு ரியூப்! அதுவும் காற்றில் படபடக்கிற ரியூப்.

காற்றையும் சொல்ல வேண்டும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் காலத்தில்தான் பால்வீதியின் நடுப்பகுதி நல்ல உயரத்தில் நிற்கும். உறை போட்ட ட்ரஸ் அந்தக் காற்றில் பாய்மரம். உறையைக் கழற்றினால் காற்று ஊடே போகும், ஆட்டம் குறையும், அப்போது வீதி விளக்கு உள்ளே வரும். இதில் முழு ரியூப்புக்கும் பெரிய வெற்றி இல்லை, அதுவும் காற்றை வாங்கும், என்றாலும் தகரம் படபடக்காது.

ஆறவைக்கிற வாதம்

ட்ரஸ்ஸுக்கு ஆதரவாக எங்கே போனாலும் முதலில் சொல்வது, திறந்த சட்டம் என்பதால் ஆடி சீக்கிரம் ஆறிவிடும், முழு ரியூப்பில் சூடான காற்று குழாய்க்குள் சுழன்று படத்தைக் கலக்கும் என்பதுதான். குளிர் நாட்டில் அது சரி, வீட்டுக்குள் 20 பாகை, வெளியே உறைபனி. எங்களுக்கு? மாசி மாதத்தில் ஓட்டு வீட்டுக்குள் 29, வெளியே இரவு ஒன்பது மணிக்கு 25. நாலு பாகைக்காக இவ்வளவு கம்பியா? சேரின் முழு ரியூப்பில் ஆடிக்குப் பின்னால் பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்று சுற்றுகிறது, அரை மணித்தியாலத்தில் சனியின் வளையம் கூராக நிற்கும். எங்கள் ட்ரஸ் அந்த வகையில் ஒரு பத்து நிமிடம் முந்தியது. பூட்டுகிற நேரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் இதைவிடப் பெரிய விசயம். ஆரம்பத்தில் வாசிகசாலையின் பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்திருந்தோம், பின்னேரம் உள்ளே கை வைக்க முடியாத சூடு. அங்கிருந்து எடுத்தால் எந்தத் தொலைநோக்கியும் பத்து மணி வரை கொதிக்கும். ஓட்டுக்கூரை அறைக்கு மாற்றியதோடு அந்தப் பிரச்சினை போய்விட்டது.

பிள்ளைகளின் கை

நான் யோசிக்கவே யோசிக்காத காரியம் இதுதான். முழு ரியூப்பைப் பிடிக்க ஒன்றும் இல்லை, வழுவழு என்று இருக்கிறது, பிள்ளை வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். ட்ரஸ்ஸில் கம்பி இருக்கிறது. கம்பி இருந்தால் பிடிப்பார்கள். பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒரு கையால் கம்பியைப் பிடித்து எம்பி, ஐபீஸில் கண்ணை வைப்பார்கள், அந்த எம்பலில் வியாழன் காணாமல் போகும். நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன், அடுத்த பிள்ளையும் அதே கம்பியைப் பிடிக்கும். ஒரு இரவில் 40 பிள்ளைகள் என்றால் கடைசிப் பத்துப் பேர் பார்த்தது கோணின வியாழனைத்தான். உறை போட்ட பிறகு உறைக்கு மேலாலேயே பிடித்தார்கள்.

உயரமும் இருக்கிறது. ஓரியன் எங்களுக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே வரும். அந்த நேரம் 12 இஞ்சியின் ஐபீஸ் 1.6 மீற்றர் உயரத்தில் நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்டூல் வேண்டும், இருட்டில் ஸ்டூல் என்றால் விழுகை. 10 இஞ்சியில் 1.3 மீற்றர்தான், பெரிய ஆட்கள் கதிரையில் இருந்து பார்க்கலாம், பிள்ளை நின்று பார்க்கலாம். முழு ரியூப், ட்ரஸ் என்ற வித்தியாசத்தோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை, ஆனால் ட்ரஸ் கையில் இருக்கும் துணிச்சலில்தான் பெரிய ஆடிக்குப் போகிறோம்.

உப்பும் கிணற்றுத் தண்ணியும்

ஒரு வருடத்தில் எங்கள் பெரிய ஆடியில் மெல்லிய பூச்சு ஒன்று படிந்தது, ரோச் அடித்தால் சாம்பல் மாதிரித் தெரியும். கடற்காற்றின் உப்பு, ஒழுங்கைப் புழுதி, இரண்டு பூச்சி. சேரின் ரியூப்புக்குள் புழுதி குறைவு, அதற்குப் பதிலாக ஒருமுறை பல்லி முட்டை இரண்டு இருந்தது, மூடியைச் சரியாகப் போடாத நாளில் குடி புகுந்திருக்கிறது. ஆடியைக் கழுவுவது பெரிய வித்தை இல்லை, ஓடுகிற தண்ணீரில் பிடித்து, ஒரு துளி சவர்க்காரத்தோடு பஞ்சைத் தேய்க்காமல் தன் பாரத்திலேயே இழுத்து எடுக்க வேண்டும். ஆனால் கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாவித்துவிடாதீர்கள். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே வெள்ளை ஆடியில் துளித்துளியாகக் காய்ந்து நிற்கும். கராஜில் விற்கிற பற்றரித் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்து அலசினேன், சுத்தமாக வடிந்தது.

ட்ரஸ் சம்பாதித்த ஒரு இரவு

இவ்வளவும் குறை சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். 2024 சித்திரை அமாவாசையை ஒட்டி நெடுந்தீவுக்குப் போனோம். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற சனத்துக்குள், சைக்கிள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாவற்றோடும் எங்கள் மூன்று பொதிகளும் ஏறின. ஆடிப்பெட்டியைப் பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன், கம்பிக்கட்டை ஒருவர் தோளில் சாய்த்துக்கொண்டார். சேர் தன் ரியூப்பைக் கொண்டு வரவில்லை, படகின் வாசலைப் பார்த்திருந்தாலே காரணம் விளங்கும். 12 இஞ்சி முழு ரியூப் என்றால் ஒன்றரை மீற்றர் நீளம், இறங்குதுறையிலேயே நின்றிருக்கும்.

இரவு, பவளக்கல் மதிலுக்கு இந்தப் பக்கம் பூட்டினோம். கியூட்டெக்ஸ் பொட்டும் தங்கூசியும் புண்ணியம், 18 நிமிடம். ஒன்பது மணிபோல கரீனா நெபுலா தெற்கே 20 பாகையில் நின்றது, நடுநிசிக்குச் சற்று முன் சென்டோரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம். ஒளிப்பந்து ஒன்றின் குறுக்கே கறுப்புப் பட்டி கட்டின மாதிரி அந்தத் தூசிப் பட்டை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. என் 8 இஞ்சியில் அதைக் கோப்பாயில் இருந்து எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். சேர் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது படகில், "கம்பி மோசமில்லை" என்றார்.

அப்படியொரு இரவு வருடத்துக்கு நாலு கிடைக்கும் என்றால் ட்ரஸ்தான் சரி. சொந்தமாக வான் இருந்து, மாதாமாதம் முல்லைத்தீவுப் பக்கமோ தீவுப் பக்கமோ போகிற ஆளுக்கும் அதுதான் சரி. 12 இஞ்சிக்கு மேலே போனால் வேறு கதையே இல்லை, முழு ரியூப்பை ஒருவர் தனியே தூக்க முடியாது, ட்ரஸ்தான். எங்களுக்கு இரண்டு வருடத்தில் அப்படிப்பட்ட இரவு ஒன்று.

மிச்ச நாட்களில் நடந்தது இதுதான். 2023 நடுப்பகுதியில் இருந்து நாங்கள் அதைக் கழற்றுவதையே விட்டுவிட்டோம். பூட்டினபடி பின்னறையில் நிற்கிறது, மேலே ஒரு பழைய பெட்சீற். வேண்டிய நாளில் இரண்டு பேர் சட்டத்தோடு தூக்கி, பெட்டியைத் தனியே தூக்கி, முற்றத்தில் வைக்கிறோம். அதாவது கழற்றலாம் என்பதற்காகக் கூடக் காசு கொடுத்த சாமானை, கழற்றாமல் வைத்துப் பாவிக்கிறோம். இரண்டாவது ஆள் வராத இரவில் என்னுடைய பழைய 8 இஞ்சி முழு ரியூப் வெளியே வரும், ஒரு கையில் ரியூப், ஒரு கையில் பெட்டி. 2024 கடைசியில் சனியின் வளையம் ஊசி மாதிரி மெலிந்து நின்ற நாட்களில் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைப் பார்த்தது இந்த 8 இஞ்சியில்தான்.

ஆகவே யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள்: எந்த அறையில் இருந்து எந்த இடத்துக்கு? வாசல் எத்தனை அடி? நிலைப்படி எவ்வளவு உயரம்? தூக்க எத்தனை பேர், அவர்கள் செவ்வாய்க்கிழமை இரவும் வருவார்களா? ஆடியின் இஞ்சியை அதற்குப் பிறகு கதைப்போம்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று மச்சான் அந்த ஆடி மாதக் கடைசியிலேயே வந்திறங்கினான். வந்த மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு, தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருந்த ஒமேகா சென்டோரியை 12 இஞ்சியில் பிடித்துக் கொடுத்தேன். சோளகம் உறையைப் போட்டு அடித்தது, சீனி மணிகள் துள்ளிக்கொண்டு நின்றன. கன நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தான், எல்லாப் பிள்ளைகளையும் போல.

"சரி, அடுத்ததுக்கு என்ன வாங்குவம், சொல்லு. காசைப் பற்றி யோசியாதை."

"சைக்கிள் சில்லு இரண்டு," என்றேன். "உதைத் தள்ளிக்கொண்டு வெளியில வர."